போர்ச்சுகலில் குடியேற எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் ஐரோப்பாவில் குடியேற எண்ணுவோர் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம், போர்ச்சுகல் ஆகியவற்றில் எந்த நாடு என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். நாடு முடிவானதும், எந்த ஊர் என்பதை ஒரே மாலையில், இணையத்தில் கண்ட சில படங்களை வைத்துத் தீர்மானித்துவிடுகிறார்கள். விசா விதிகள் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் வாடகை, மழை, மருத்துவர், ரயில், பள்ளி ஆகிய அனைத்தும் ஊருக்கு ஊர் மாறுபவை. அன்றாட வாழ்க்கையை இவையே தீர்மானிக்கின்றன. போர்ச்சுகலை எடுத்துக்கொண்டு, அங்கே ஊரையும் வீட்டையும் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

போர்ச்சுகல் சிறிய நாடுதானே, எந்த ஊரில் இருந்தாலும் பெரிய வேறுபாடு இருக்குமா?

பரப்பளவில் அது தமிழ்நாட்டைவிடச் சிறியதுதான்: சுமார் 92,000 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். ஆயினும் வடக்கே பிராகாவில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்ய, தெற்குக் கடற்கரையில் உள்ள ஃபாரோவில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மட்டுமே பெய்கிறது. அலென்டேஜோ சமவெளியில் உள்ள அமரலேஜா என்ற சிற்றூரில் 2003 ஆகஸ்டில் வெப்பம் 47 டிகிரி செல்சியசைத் தாண்டியது. அதே கோடையில் மேற்குக் கடற்கரை ஊர்களில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்காக மாலையில் மேலாடை தேவைப்படும். பணி வாய்ப்புகள் லிஸ்பன், போர்ட்டோ ஆகிய இரு பெருநகர்ப் பகுதிகளில் குவிந்திருக்கின்றன. வாடகையும் அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. ஆகவே ஊரின் பெயர் மாறினால் செலவு, உடல்நலம், வேலை மூன்றும் சேர்ந்தே மாறும்.

ஊர்களை நேரில் பார்க்க எந்த மாதத்தில் செல்வது நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதே என் உறுதியான கருத்து. கோடையில் போர்ச்சுகலின் எந்த ஊரும் அழகாகவே இருக்கும்; வானம் தெளிந்திருக்கும், பொழுது சாய இரவு ஒன்பது மணியாகும், தெருவெங்கும் மக்கள் இருப்பார்கள். அந்த நேரத்தில் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர், ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே நீடிக்கும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பழகிய நமக்கு அக்டோபர் மழை புதிதல்ல; ஆனால் குளிரோடு சேர்ந்து, வாரக்கணக்கில் விட்டுவிட்டுப் பெய்யும் அட்லாண்டிக் மழை முற்றிலும் வேறானது. டிசம்பரில் லிஸ்பனில் மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

அந்தக் காலத்தில் சென்றால், எந்தக் கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன, எந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்கிறது, எந்த வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, ஈரமான கல் பாவிய சரிவுத் தெருவில் உங்கள் பெற்றோரால் நடக்க முடியுமா என்பவை கண்ணெதிரே தெரியும். பாவு கற்கள் பதித்த அந்நாட்டு நடைபாதைகள் மழையில் மிகவும் வழுக்கும் என்பதை முதியோர் உள்ள குடும்பங்கள் கட்டாயம் கருத்தில் கொள்ள வேண்டும்.

தென் ஐரோப்பாவில் குளிர் அவ்வளவு கடுமையாக இருக்குமா?

வெளியே அவ்வளவு கடுமையாக இராது. லிஸ்பனிலும் தெற்குக் கடற்கரைப் பகுதியான அல்கார்விலும் பனி பொழிவது மிக மிக அரிது. நண்பகலில் 14, 15 டிகிரி இருக்கும். குளிர் வீட்டுக்குள்ளேதான். ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகளில் இருப்பதுபோல் கட்டடம் முழுவதையும் சூடாக்கும் அமைப்பு போர்ச்சுகலின் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. கட்டடங்களின் வெப்பக் காப்புக்கான முதல் விதிமுறை 1990ஆம் ஆண்டில்தான் அங்கே வெளியிடப்பட்டது; அதற்கு முன் கட்டிய வீடுகளில் சுவர்களுக்கு வெப்பக் காப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இதனால் ஜனவரியில் தெருவைவிடப் படுக்கையறை குளிராக இருப்பது அங்கே வழக்கமான ஒன்று. மின் சூடேற்றியை நாள் முழுவதும் இயக்கினால் மின் கட்டணம் ஏறும். இயக்காவிட்டால் ஈரம் தங்கிச் சுவரிலும் துணி அலமாரியிலும் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல வாடகையில் கிடைக்கும் பழைய வீட்டை விட்டுவிடலாம்.

வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ எரிசக்திச் சான்றிதழ் சட்டப்படி தேவை. அதில் ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் குறிக்கப்பட்டிருக்கும். ஈ, எஃப் தர வீடுகளில் குளிர்காலத்தைக் கழிப்பது கடினம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதம் உறிஞ்சும் கருவி ஒன்றை முதல் மாதமே வாங்கிவிடுங்கள்.

வீட்டின் திசை குறித்தும் நம் ஊர்ப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் கிழக்கு, வடக்குப் பார்த்த வீட்டை நாடுகிறோம். வெயிலிலிருந்து தப்புவது நமக்கு முதன்மை. லிஸ்பன் வடக்கே சுமார் 39 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கு வானில் தொடுவானிலிருந்து 28 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். வடக்குப் பார்த்த அறைக்குள் குளிர்காலம் முழுவதும் நேர் வெயில் வராது. தெற்குப் பார்த்த கூடத்திலோ அந்தத் தாழ்ந்த வெயில் உட்சுவர்வரை விழுந்து வீட்டை உலர்த்தும். வாஸ்துவை நம்புவோரும் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

லிஸ்பன் நகருக்குள் வாழ்வதா, புறநகரிலா?

வருமானத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வருமானம் போதுமானதாக இருப்பவர்களுக்கும் நகரின் மையம் எப்போதும் சிறந்த தேர்வன்று. 2026ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 920 யூரோ. லிஸ்பனில் ஒரு படுக்கையறை வீடு 1,000 யூரோவுக்குக் கீழ் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அல்ஃபாமா, பைர்ரோ ஆல்ட்டோ போன்ற பழைய குடியிருப்புகள் சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடங்களாலும் இரவு நேர விடுதிகளாலும் நிறைந்தவை. குறுகிய படிக்கட்டுகளும் மின்தூக்கி இல்லாத கட்டடங்களும் அங்கே இயல்பு. குழந்தையோடும் தள்ளுவண்டியோடும் நான்காம் மாடிக்கு ஏறுவதை நினைத்துப் பார்த்த பிறகே அந்தப் பகுதிகளைக் கருத வேண்டும். விமான நிலையம் நகருக்குள்ளேயே இருப்பதால் அல்வலாட், காம்போ கிராண்டி போன்ற, மற்றபடி வாழ்வதற்கு மிக நல்ல பகுதிகளில் விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் பறக்கும். புதிய விமான நிலையத்தைத் தேஜோ ஆற்றுக்கு அப்பால் அல்கோஷெட் பகுதியில் அமைக்க 2024 மே மாதம் அரசு முடிவெடுத்திருந்தாலும் அது இயங்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும்.

புறநகர் என்றால் எந்தப் போக்குவரத்துப் பாதையில் வாழ்வது என்பதே கேள்வி. சிண்ட்ரா ரயில் பாதையில் உள்ள அமடோரா, கெலூஸ், ககேம் ஆகிய ஊர்களில் வாடகை குறைவு, ரயில்கள் அடிக்கடி உண்டு, ஆனால் அலுவலக நேரத்தில் நெரிசல் மிகுதி. கஸ்காய்ஸ் பாதை கடலோரமாகச் செல்கிறது. அழகும் வாடகையும் இரண்டும் அதிகம். ஒடிவெலாஸ் வரை மெட்ரோவே செல்கிறது. தேஜோ ஆற்றின் தென்கரையில் உள்ள அல்மாடா, செய்ஷால், பார்ரெய்ரோ, மொன்டிஜோ ஆகியவற்றிலிருந்து படகிலோ, 25 ஏப்ரல் பாலத்தின் கீழ்த்தளத்தில் ஓடும் ரயிலிலோ நகருக்கு வரலாம். பெருநகர்ப் பகுதி முழுவதிலும் மெட்ரோ, பேருந்து, புறநகர் ரயில், படகு அனைத்துக்கும் செல்லும் 40 யூரோ மாதப் பயணச்சீட்டு 2019 முதல் நடைமுறையில் இருப்பதால், தொலைவாக வாழ்வோருக்குக் கூடுதல் பயணச் செலவு இல்லை. நேரம் மட்டுமே கூடும். தென்கரையில், குறிப்பாக அல்மாடாவிலும் செய்ஷாலிலும், நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் 1990களுக்குப் பிறகு கட்டிய அடுக்குமாடி வீடொன்று கிடைத்தால் நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

போர்ட்டோ, பிராகா, அவேய்ரோ, கோயிம்ப்ரா ஆகியவை எப்படி?

மழையைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்களுக்கு வடக்கு மிகவும் ஏற்றது. போர்ட்டோ வாடகை லிஸ்பனைவிடக் குறைவு, ஆனால் அந்த இடைவெளி சுருங்கி வருகிறது. பழைய நகரின் கருங்கல் வீடுகள் ஈரத்தை நெடுநாள் பிடித்துவைத்திருக்கும். மத்தோசின்யோஸ், மையா, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வீலா நோவா டி காயா ஆகியவற்றுக்கு மெட்ரோ செல்கிறது. அங்கே புதிய கட்டடங்கள் அதிகம்.

பிராகாவில் மின்ஹோ பல்கலைக்கழகம், பன்னாட்டு ஐபீரிய நானோ தொழில்நுட்ப ஆய்வகம், பாஷ் நிறுவனத்தின் பெரிய வளாகம் ஆகியவை இருப்பதால் ஆய்வாளர்களும் பொறியாளர்களும் அங்கே வேலைக்கு வருகிறார்கள். போர்ட்டோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அவேய்ரோ சமதளமான, மிதிவண்டிக்கு ஏற்ற, பல்கலைக்கழகம் உள்ள நகரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்நாட்டில் இதைப்போன்ற நகரம் வேறு இல்லை என்பேன். கோயிம்ப்ரா 1290இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தாலும் மிகப்பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையாலும் வாழும் ஊர், மேடு மிகுந்தது. இந்த நகரங்கள் அனைத்திலும் மாணவர்கள் வந்து சேரும் செப்டம்பரை ஒட்டி வீடு தேடுவதைத் தவிர்க்க வேண்டும். அப்போது சிறிய வீடுகளுக்குப் போட்டி கடுமையாகும்.

அல்கார்வ் கடற்கரையில் ஆண்டு முழுவதும் வாழ முடியுமா?

முடியும், ஆனால் ஊரைப் பொறுத்து. வெயிலும் மிதமான குளிர்காலமும் வேண்டுவோருக்கு நிலப்பகுதியில் இதைவிடச் சிறந்த இடம் இல்லை. சிக்கல் வாடகையில்தான்: உரிமையாளர்கள் சிலர் அக்டோபர் முதல் மே வரை நியாயமான வாடகைக்கு வீட்டைத் தந்து, கோடையில் வாரக் கணக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதற்காகக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் பன்னிரண்டு மாதம் என்று தெளிவாக இருக்கிறதா என்பதை இங்கே இரு மடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். வேலைகளும் பெரும்பாலும் பருவகாலச் சுற்றுலா வேலைகளே. அல்புஃபெய்ராவின் விடுதித் தெருக்கள் குளிர்காலத்தில் வெறிச்சோடிவிடும். பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் விமான நிலையமும் உள்ள ஃபாரோவோ, சந்தையும் ரயில் நிலையமும் உள்ள தவீராவோ, ஒல்யாவோ அப்படி ஆவதில்லை. இப்பகுதியின் அணைகளில் நீர் குறைந்து, 2024இல் வேளாண்மைக்கும் நகரங்களுக்கும் நீர்ப் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உள்நாட்டுச் சிறு நகரங்களில் வாடகை மலிவு என்கிறார்களே, அங்கே செல்லலாமா?

வருமானம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, போர்ச்சுகீசிய மொழியைக் கற்கத் தயார், வீட்டில் கார் உண்டு என்ற மூன்றும் பொருந்துவோர் செல்லலாம். கோவில்யா, காஷ்டெலோ பிராங்கோ, ஃபுண்டாவ் போன்ற ஊர்களில் கடற்கரைப் பெருநகரங்களைவிடப் பெரிதும் குறைந்த வாடகையில் விசாலமான வீடுகள் கிடைக்கும். மக்கள் தொகை குறைந்துவரும் ஊர்களாதலால் ஃபுண்டாவ் போன்ற சில நகராட்சிகள் புதிதாக வருவோரைத் தாமாகவே வரவேற்கின்றன. ஆனால் குளிர்காலம் இங்கே உண்மையாகவே கடுமையானது. குவார்டா ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அவசர மருத்துவத்துக்கு நெடுந்தொலைவு செல்ல நேரலாம்.

காட்டுத்தீயைப் பற்றிச் சொல்லாமல் இந்த விடையை முடிக்க முடியாது. 2017 ஜூனில் பெட்ரோகாவ் கிராண்டி பகுதியில் பரவிய தீயில் 66 பேர் இறந்தனர். பலர் காரில் தப்ப முயன்றபோது சாலையிலேயே சிக்கிக்கொண்டார்கள். யூகலிப்டஸ், பைன் தோப்புகள் சூழ்ந்த தனி வீடு படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அங்கிருந்து வெளியேற எத்தனை சாலைகள் உள்ளன என்பதை முதலில் கேளுங்கள். கிராமப்புற வீட்டைச் சுற்றி 50 மீட்டர் வரை புதரையும் உலர்ந்த செடிகளையும் அகற்றுவது நிலத்துக்குரியவரின் சட்டக் கடமை. நகரத்தின் தெருவுக்குள் உள்ள வீட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

போர்ச்சுகலின் அட்லாண்டிக் தீவுகளான மடெய்ராவும் அசோர்சும்?

மடெய்ராவின் தலைநகர் ஃபுன்ஷாலில் ஆண்டு முழுவதும் மிதமான தட்பவெப்பம். வாழையும் கரும்பும் விளையும் ஊர் அது. அசோர்ஸ் பசுமையானது, ஆனால் மழையும் மேகமும் மிகுதி. இரண்டிலிருந்தும் வெளியே செல்ல விமானம் ஒன்றே நடைமுறை வழி என்பதால், ஆண்டுதோறும் ஊருக்கு வந்து போக வேண்டிய குடும்பங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார் இல்லாமல் வாழ முடியுமா?

லிஸ்பன், போர்ட்டோ பெருநகர்ப் பகுதிகளிலும் அவற்றை இணைக்கும் ரயில் பாதையில் உள்ள நகரங்களிலும் முடியும். பிராகா, போர்ட்டோ, அவேய்ரோ, கோயிம்ப்ரா, லிஸ்பன், ஃபாரோ ஆகிய அனைத்துக்கும் நேரடி ரயில் உண்டு. லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு விரைவு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். 2024 அக்டோபரில் அறிமுகமான 20 யூரோ மாதப் பயணச்சீட்டு, மிக விரைவான ஆல்ஃபா பென்டுலார் ரயில்களைத் தவிர்த்துப் பெரும்பாலான ரயில்களுக்குச் செல்லும். இதனால் வேலை ஓர் ஊரிலும் வீடு வேறோர் ஊரிலும் இருப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ரயில் நிலையம் இல்லாத ஊரானால், பேருந்து அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கான பகுதியைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் கார் வேண்டும் என்று பொருள்.

மருத்துவ வசதி ஊருக்கு ஊர் மாறுமா?

மிகவும் மாறும், பலர் கவனிக்கத் தவறும் செய்தி இது. வதிவுரிமை பெற்றவர்கள் தேசிய சுகாதார சேவையில் பதிவு செய்து, தாம் வாழும் பகுதிக்கான சுகாதார மையத்தில் குடும்ப மருத்துவர் ஒருவரைப் பெறலாம் என்பது ஏற்பாடு. ஆனால் நாடு முழுவதும் 15 லட்சம் பேருக்கு மேல் குடும்ப மருத்துவர் இல்லாமல் இருக்கிறார்கள். இந்தக் குறை லிஸ்பன் சுற்றுவட்டாரத்திலும் அலென்டேஜோ, அல்கார்விலும் மிகுதி, வடக்கில் மிகக் குறைவு. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தொடர் சிகிச்சை பெறும் பெற்றோரோடு குடியேறுவோர், வாடகையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பகுதியின் சுகாதார மையத்துக்கு நேரில் சென்று, புதிதாகப் பதிவு செய்வோருக்கு மருத்துவர் ஒதுக்கப்படுகிறாரா என்று கேட்பது நல்லது. போர்ட்டோவின் சாவ் ஜோவாவ், லிஸ்பனின் சாந்தா மரியா, கோயிம்ப்ராவின் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவை உயர் சிகிச்சைக்கான பெரிய பொது மருத்துவமனைகள்.

பிள்ளைகளின் பள்ளிக்காக எந்த ஊர்?

அரசுப் பள்ளி இலவசம். கல்வி போர்ச்சுகீசிய மொழியில். வேற்று மொழிப் பிள்ளைகளுக்குப் போர்ச்சுகீசியத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்கும் ஏற்பாடும் உண்டு. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதே நல்லது என்று கருதுகிறேன். மொழியும் நட்பும் அங்கேதான் விரைவாகக் கிடைக்கின்றன. மேல்வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இடையில் மொழி மாற்றுவது பெரும் சுமை. அவர்களுக்கு ஆங்கிலவழிப் பன்னாட்டுப் பள்ளி தேவையெனில் லிஸ்பன், கஸ்காய்ஸ், போர்ட்டோ, அல்கார்வ் ஆகியவற்றைத் தாண்டித் தேர்வு அதிகம் இல்லை. அரசுப் பள்ளியில் இடம் வீட்டு முகவரியையோ பெற்றோரின் பணியிட முகவரியையோ சார்ந்தது என்பதால், வீட்டைத் தேர்ந்தெடுப்பதும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே செயல்தான்.

தமிழர்களும் கோயிலும் மளிகைக் கடையும் உள்ள ஊர் எது?

தமிழர்கள் பெருந்திரளாக வாழும் ஊர் என்று போர்ச்சுகலில் ஒன்றைச் சுட்ட முடியாது. அங்குள்ள பழைய இந்தியச் சமூகம் கோவாவிலிருந்து வந்தவர்களாலும், மொசாம்பிக் 1975இல் விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்து வந்த குஜராத்திகளாலும் ஆனது. லிஸ்பனின் வடபகுதியில் உள்ள இராதாகிருஷ்ணர் கோயில் அந்தக் குஜராத்திச் சமூகத்தின் முயற்சி, எல்லோரும் செல்லலாம். தென் ஐரோப்பாவில் தமிழ்ச் சமூக வாழ்வே முதன்மை என்று கருதுவோர் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோவைப் பார்க்க வேண்டும். ஈழத் தமிழர்கள் பல ஆண்டுகளாக வேரூன்றி வாழும் நகரம் அது. மொன்டே பெல்லெக்ரினோ மலையில் உள்ள புனித ரொசாலியா திருத்தலத்துக்குக் கத்தோலிக்கத் தமிழரும் சைவத் தமிழரும் ஒன்றாகவே ஏறிச் செல்கிறார்கள்.

மளிகையைப் பொறுத்தவரை லிஸ்பனின் மார்டிம் மொனிஸ் சதுக்கத்தையும் பென்ஃபொர்மோசோ தெருவையும் சுற்றிப் பருப்பு, மசாலா, கறிவேப்பிலை, உறைநிலைத் தேங்காய்த் துருவல் அனைத்தும் கிடைக்கும். போர்ட்டோவிலும் கடைகள் உண்டு. சிற்றூர்களில் வாழ்வோர் மாதம் ஒருமுறை வாங்கி வருகிறார்கள். அரிசிக்குக் கவலை வேண்டாம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்கு மிகுதியாக அரிசி உண்பவர்கள் போர்ச்சுகீசியரே, சாதோ, மொன்டேகோ, தேஜோ ஆற்றுப் படுகைகளில் நெல் விளைகிறது. கொத்துமல்லித் தழையும் அலென்டேஜோச் சமையலில் அன்றாடப் பொருள்.

வேளாண் பண்ணை வேலைக்கு வருவோர் எதைக் கவனிக்க வேண்டும்?

தென்மேற்கே உள்ள ஒடெமீராவின் பசுமைக்குடில்களில் தெற்காசியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பழங்களைப் பறிக்கிறார்கள். அங்கே வேலையும் தங்குமிடமும் சேர்த்தே ஒப்பந்தக்காரர் வழியாக வருவதால், ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே தொழிலாளியிடம் இருப்பதில்லை. 2021இல் கோவிட் பரவலின்போது அப்பகுதி முடக்கப்பட்டபோதுதான், ஒரே வீட்டில் பலரை அடைத்து வைத்திருந்த நிலை நாடு முழுவதும் தெரியவந்தது. எத்தனை பேர் தங்கும் வீடு, வாடகை எவ்வளவு பிடிக்கப்படும், அந்த முகவரியில் உங்கள் பெயரைப் பதிவு செய்ய உரிமையாளர் சம்மதிப்பாரா என்பவற்றை எழுத்தில் பெறாமல் கிளம்பாதீர்கள். முகவரிப் பதிவு இல்லாவிட்டால் வதிவுரிமை, மருத்துவம் இரண்டும் சிக்கலாகும்.

விசாவுக்கே முகவரிச் சான்று கேட்கிறார்களே, ஊரைப் பார்க்காமல் எப்படி வீடு எடுப்பது?

இது உண்மையான இக்கட்டு. ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் உள்ளோருக்கான விசாவுக்குக் குறைந்தபட்ச ஊதிய அளவும், தொலைதூரப் பணியாளர் விசாவுக்கு அதைப்போல் நான்கு மடங்கும், அதாவது 2026 கணக்கில் மாதம் 3,680 யூரோவும், வருமானமாகக் காட்ட வேண்டும். அவற்றோடு தங்குமிடச் சான்றும் பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்களுக்குக் கேட்கப்படுகிறது. இயன்றவர்கள் முதலில் ஷெங்கன் குறுகியகால விசாவில் குளிர்காலத்தில் சென்று பார்த்து, நேரில் ஒப்பந்தம் செய்துவிட்டுத் திரும்பி விண்ணப்பிப்பது சிறந்தது. அது இயலாவிட்டால், நம்பிக்கையான ஒருவரை வீட்டுக்கு அனுப்பிக் காணொளி அழைப்பில் ஒவ்வோர் அறையையும் பாருங்கள். நேரில் எவரும் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்புவதை எந்தச் சூழலிலும் தவிர்க்க வேண்டும். இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிக்கும் விளம்பரங்கள் ஏராளம்.

வாடகை ஒப்பந்தத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

விளம்பரங்களில் டி0, டி1, டி2 என்று குறிப்பது படுக்கையறைகளின் எண்ணிக்கையை. டி0 என்றால் தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை வீடு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட முதலில் வரி எண் வேண்டும். உரிமையாளர் ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிவு செய்து மாதந்தோறும் மின்னணு ரசீது தர வேண்டும். பதிவு செய்யாமல் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் அந்த முகவரியை எந்த அலுவலகத்திலும் உங்களால் நிறுவ முடியாது. உள்ளூர் ஊராட்சி அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்றுக்கும் இந்த ஒப்பந்தமே துணை.

உள்ளூர் பிணையாளர் ஒருவரைக் காட்டும்படி கேட்பது அங்கே வழக்கம். புதிதாக வருவோருக்கு அது இயலாது. அதற்கு ஈடாக ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்போர் உண்டு. 2023ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், முன்கூட்டிய வாடகையை இரண்டு மாதத்துக்கும் பிணைத்தொகையை இரண்டு மாத வாடகைக்கும் மிகாமல் கட்டுப்படுத்தியது. சட்டத்தை எடுத்துக்காட்டியதும் எல்லா உரிமையாளரும் இணங்கிவிடுவதில்லை என்பது நடைமுறை. ஆயினும் ஊதியச் சான்றும் வங்கி இருப்புச் சான்றும் கையில் வைத்திருந்தால் பேச்சுக்கு வலு கூடும்.

வீட்டைப் பார்க்கும்போது நம் சமையலுக்காகக் கவனிக்க வேண்டியவை உண்டா?

உண்டு. முதலாவது மின் இணைப்பின் திறன்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒப்பந்தத் திறன் என்று ஓர் அளவு உண்டு. 3.45 கேவிஏ இணைப்பில் தூண்டல் அடுப்பும் சூடேற்றியும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒரே நேரத்தில் இயங்கினால் மின்சாரம் நின்றுவிடும்; 6.9 என்றால் கவலை இல்லை. இரண்டாவது, எரிவாயு குழாய் வழியாக வருகிறதா, சிலிண்டரா என்பது. மின்தூக்கி இல்லாத வீட்டில் சிலிண்டரை யார் சுமப்பது என்ற கேள்வியும் அதோடு வரும். மூன்றாவது, புகைபோக்கி வெளியே திறக்கிறதா என்பது. தாளிக்கும் மணம் அலமாரித் துணிகளில் தங்காமல் இருக்க, கூடத்தோடு இணைந்த திறந்த சமையலறையைவிடக் கதவுள்ள தனிச் சமையலறையே நமக்கு ஏற்றது; பழைய வீடுகளில் அதுவே வழக்கம்.

வந்தவுடன் வீடு வாங்கலாமா?

ஓராண்டு வாடகையில் வாழ்ந்து பார்க்காமல் வேண்டாம். வீடு வாங்கினால் முதலீட்டு விசா கிடைக்கும் என்ற வழி 2023 அக்டோபரிலேயே மூடப்பட்டுவிட்டது. ஆகவே அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. லிஸ்பனையும் தெற்கையும் நிலநடுக்கம் தாக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. 1755இல் லிஸ்பன் அழிந்ததும் அதனால்தான். நிலநடுக்கத்தைக் கருதிய முதல் கட்டட விதிமுறை 1958இல் வந்தது. அதற்கு முந்திய கட்டடத்தை வாங்குவதானால், கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுவதற்கான செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தேர்ந்தெடுத்த ஊர் ஒத்துவராவிட்டால்?

மாறிக்கொள்ளலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஓராண்டு ஒப்பந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம் கழிந்த பின், 120 நாள் முன்னறிவிப்பு தந்து வாடகைதாரர் விலகலாம். அதாவது நான்கு மாதம் முடிந்ததும் பதிவுத் தபாலில் அறிவித்தால் எட்டாம் மாதத்தில் வெளியேறலாம். ஓராண்டுக்குக் குறைந்த ஒப்பந்தமானால் முன்னறிவிப்பு 60 நாள். அக்டோபரில் குடிபுகுந்தால் பிப்ரவரியில், மழைக்காலத்தை ஏறத்தாழ முழுமையாக அந்த வீட்டில் கழித்த பின், இந்த முடிவை எடுக்கலாம். கோடை தொடங்கும் முன்பே அடுத்த ஊரில் வீடு தேடத் தொடங்குங்கள். குடிமாறியதும் வரித்துறை, குடிவரவு அலுவலகம், சுகாதார மையம், பிள்ளைகளின் பள்ளி ஆகிய நான்கிலும் முகவரியைத் தாமதமின்றி மாற்றிவிட வேண்டும். வதிவுரிமையைப் புதுப்பிப்பதற்கான கடிதம் பழைய வீட்டுக்குச் சென்றுவிடாமல் இருக்க அது அவசியம்.